பிறந்த தேதிக்குக் காலண்டர் வேண்டாம்: இணையப் படிவம் வடிவமைப்போருக்கு நெல்லைச் சீமையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

உதவித்தொகைப் படிவத்தைப் புதுப்பித்திருக்கிறீர்கள். எழுத்து பெரிதாகியிருக்கிறது, நிறமும் கண்ணை உறுத்தவில்லை. நன்றி. ஆனால் பிறந்த தேதியைத் தட்டச்சு செய்யும் கட்டத்தைத் தூக்கிவிட்டு அங்கே காலண்டரை வைத்திருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

காலண்டர் திறக்கும்போது நடப்பு மாதத்தில் நிற்கிறது. அம்புக்குறியை ஒரு தடவை தட்டினால் ஒரு மாதம் பின்னே போகும். எழுபது வயது ஆச்சிக்கு 70 × 12, ஆக 840 தட்டு. நடுவில் விரல் பிசகி வெளியே பட்டால் பெட்டி மூடிக்கொள்ளும். மறுபடி திறந்தால் பழையபடி இந்த மாதம்தான். மேலே இருக்கும் ஆண்டு எண்ணைத் தொட்டால் ஆண்டுப் பட்டியல் வருமே என்பீர்கள். வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணுக்குக் கரை கிடையாது, முக்கோணம் கிடையாது, அடிக்கோடும் கிடையாது. பார்க்கிறவருக்கு அது வெறும் தலைப்பு. தலைப்பை யார் தொட்டுப் பார்ப்பார்கள்?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வயதானவர்கள் சிலரின் ஆதார் அட்டையில் நாளும் மாதமும் இருக்காது. ‘பிறந்த ஆண்டு: 1954’ என்று மட்டும் அச்சாகியிருக்கும். காலண்டரோ ஏதாவது ஒரு நாளைத் தொட்டால்தான் விடும். 1954-க்குப் போய்ச் சேர்ந்த களைப்பில் மார்ச் 17-ஐத் தொட்டுவிட்டால், ஆதாரோடு ஒத்துவரவில்லை என்று மனு திரும்பி வரும். இல்லாத தேதியைக் கேட்டது படிவம், பிழை மட்டும் மனுதாரர் பெயரில்.

இதற்கு மாற்று ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. மூன்று கட்டம் போதும்: நாளுக்கு இரண்டு இலக்கம், மாதத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு நான்கு. எட்டுத் தட்டில் முடிந்தது. மூன்றின் மேலும் நாள், மாதம், ஆண்டு என்று எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் 05/06 என்பது மே மாதமா ஜூன் மாதமா என்ற குழப்பம் வரும். போனில் எண் பலகை தானாக எழும்ப வேண்டும். 5 என்றாலும் 05 என்றாலும் ஏற்க வேண்டும். ‘ஆண்டு மட்டும் தெரியும்’ என்று பக்கத்தில் ஒரு செக்பாக்ஸ், அதாவது தொட்டால் டிக் விழும் சின்னக் கட்டம். பிரிட்டன் அரசின் வடிவமைப்பு நெறிகளும் பிறந்த தேதிக்கு இந்த மூன்று கட்டத்தைத்தான் சொல்கின்றன.

காலண்டரே கூடாது என்று சொல்லவில்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் சீட்டுப் போடக் காலண்டர்தான் சரி. அங்கே கிழமை தெரிய வேண்டும், தேதியும் பக்கத்தில் இருக்கிறது. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவே 60 நாளுக்குள்தான், இரண்டு மூன்று தட்டில் போய்விடலாம். பிறந்த தேதி அப்படியில்லை. அது மனப்பாடமாக இருக்கும், அல்லது கையிலுள்ள அட்டையில் இருக்கும். பார்த்து அடிக்க விடுங்கள்.

மாவட்ட டிராப்டவுனுக்கு, அதாவது தொட்டால் கீழே விரியும் பட்டியலுக்கு வருவோம். 38 பெயரும் ஆங்கில அகரவரிசையில் நிற்கின்றன. ‘திரு’ என்று தொடங்குபவை மட்டும் ஏழு. போனில் உருட்டினால் திருநெல்வேலிக்கு அடுத்து திருப்பத்தூர், கட்டைவிரல் ஒரு வரி தாண்டினால் மனு வேலூர்ப் பக்கம் போய்விடும். கணினியில் டி, ஐ, ஆர், யு, என் என்று மூச்சுவிடாமல் அடித்தால் ஊர் வந்து சேரும். ‘யு’ அடித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி ‘என்’ அடித்தால், அதைப் புதுப் பெயரின் முதல் எழுத்தாக எடுத்துக்கொண்டு நாகப்பட்டினத்துக்குப் போய்விடும். ஒன்றையும் தொடாமல் விட்டால் தானாக அரியலூர், ஏனென்றால் பட்டியலின் முதல் பெயரையே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறீர்கள். அந்த இடம் காலியாக இருக்கட்டும். இரண்டு எழுத்து அடித்ததும் பட்டியல் சுருங்கட்டும்.

‘பிறந்த மாவட்டம்’ என்ற கேள்வியோ இந்தப் பக்கத்துக்காரர்களை வேண்டுமென்றே சீண்டுவது போல இருக்கிறது. தூத்துக்குடி பிரிந்தது 1986-இல், தென்காசி பிரிந்தது 2019-இல். 1954-இல் ஸ்ரீவைகுண்டத்திலோ சங்கரன்கோவிலிலோ பிறந்தவர் பிறந்தது திருநெல்வேலி மாவட்டத்தில்தான். அதைத் தேர்ந்தெடுத்தால் அடுத்து வரும் வட்டப் பட்டியலில் அவருடைய ஊர் இல்லை. மாவட்டத்தை மாற்றினால் கீழே நிரப்பியதெல்லாம் அழிந்துபோகிறது.

மற்றவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்ற மூன்றே விடையை டிராப்டவுனுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். ரேடியோ பட்டனாக, அதாவது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க விடும் சின்ன வட்டங்களாக வெளியே வையுங்கள். பழைய கார் ரேடியோவில் ஒன்றை அமுக்கினால் மற்றது எழும்பும், அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். வட்டத்தை மட்டுமின்றிப் பக்கத்துச் சொல்லைத் தொட்டாலும் தேர்வாக வேண்டும். திருமண நிலைக்கு செக்பாக்ஸ் வைத்தால் ஒருவரே மணமானவராகவும் மணமாகாதவராகவும் ஆகிவிடுகிறார். கட்டாயமில்லாத கேள்விக்கு ரேடியோ வைத்தால் ‘பொருந்தாது’ என்று ஒரு விடையும் சேருங்கள். தொட்டதைத் திரும்ப எடுக்க வேறு வழியில்லை.

‘அழி’ பட்டனையும் ‘சமர்ப்பி’ பட்டனையும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், ஒட்டிப் பிறந்த பிள்ளைகளாக வைத்திருக்கிறீர்கள். தவறி ‘அழி’ பட்டால் ‘விண்ணப்பத்தை ரத்து செய்யவா?’ என்று கேட்டுக் கீழே இரண்டு பட்டன்: ‘சரி’, ‘ரத்து’. ரத்தை ரத்து செய்ய எதைத் தொட வேண்டும் என்று உங்கள் அலுவலகத்திலேயே நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், அண்ணாச்சி. பொழுது நன்றாகப் போகும்.

கோபத்தில் சொல் கொஞ்சம் தடித்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மாவட்டம், வட்டம் எல்லாம் மெதுவாகவே சரியாகட்டும். பிறந்த தேதிக்கு மட்டும் அந்த மூன்று கட்டத்தையும் உடனே தந்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதற்கும் நாள் பிடிக்கும் என்றால், அதுவரை காலண்டர் 1960-இல் திறக்கட்டும். ஆண்டு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணமாவது போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கம் படிவம் நிரப்பித் தருவோர்