இன்டர்வியூவுக்கு முன்னால் கிராமர் புத்தகமா, தம்பி?

அன்புள்ள தம்பி,

டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்கு, அதாவது மென்பொருளையும் கருவிகளையும் எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கி எழுதுகிற வேலைக்கு, இன்டர்வியூ வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் கையோடு "எந்த கிராமர் புத்தகம் வாங்கட்டும் அக்கா?" என்று கேட்டிருக்கிறாய் பார், அங்கேதான் இடிக்கிறது. படிப்பை முடித்துவிட்டு நேராக வருகிறவர்கள் பலருக்கும் இதே நினைப்புதான்: இது ஆங்கிலத்துக்கு வைக்கிற பரீட்சை என்று. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கிறவள் சொல்கிறேன். பிழையில்லாமல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் அதற்காக யாரும் வேலை தருவதில்லை. தனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னால் இவன் முதலில் என்ன கேட்பான் என்பதைத்தான் பார்க்கிறோம்.

பல இடங்களில் ஒரு எழுத்துத் தேர்வு வைப்பார்கள். குளறுபடியான ஒரு பத்தியைக் கொடுத்து, படிப்படியான செய்முறையாக மாற்றச் சொல்வார்கள். எப்படி இருக்கும் என்று தமிழிலேயே காட்டுகிறேன்:

"சேவ் பட்டனை அழுத்தினால் புதிய செட்டிங்குகள் பதிவாகும், அதன் பிறகு கருவி தானாகவே ரீஸ்டார்ட் ஆகும் என்பதால் திறந்திருக்கும் ஃபைல்களை முன்னதாகவே சேமித்துக்கொள்வது நல்லது, இதற்கு அட்மின் அனுமதி தேவை."

வருகிறவர்களில் பலர் இதை அழகாக நான்கு வாக்கியமாக உடைத்து, 1, 2, 3, 4 என்று எண் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வரிசை அப்படியே இருக்கும். இப்போது அதைப் படிக்கிறவனை நினைத்துப் பார். முதல் படியிலேயே பட்டனை அழுத்திவிட்டான். மூன்றாவது படியில் "ஃபைல்களைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று வரும்போது சேமிக்க ஒன்றும் மிச்சமில்லை. அட்மின் அனுமதி இல்லாதவன் கடைசி வரி வரை வந்துதான் திரும்பிப் போக வேண்டும். ஆகவே அனுமதி முதலில், எச்சரிக்கை அடுத்து, அப்புறம் செயல், அதன் பிறகு விளைவு. இந்த வரிசை மாற்றத்தைச் செய்தவனின் தாளில் ஒன்றிரண்டு கமா தப்பியிருந்தாலும் நான் கண்டுகொள்ள மாட்டேன்.

அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. "நல்லது" என்றால் என்ன? செய்தே ஆக வேண்டுமா, விருப்பமிருந்தால் செய்யலாமா? ரீஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம் பிடிக்கும்? செட்டிங் உண்மையிலேயே மாறிவிட்டது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? பத்தியில் இதற்கெல்லாம் பதில் இல்லை. தாளின் அடியில் "டெவலப்பரிடம் கேட்க வேண்டியவை" என்று தலைப்பிட்டு இந்தக் கேள்விகளை எழுதி வைக்கிறவன் தனியாகத் தெரிவான். தானே ஒரு பதிலைக் கற்பனை செய்து "இரண்டு நிமிடம் ஆகும்" என்று நிரப்பி வைக்கிறவனும் தனியாகத்தான் தெரிவான், வேறு காரணத்துக்காக.

இயந்திரங்கள் தயாரிக்கிற நிறுவனம் என்றால் டேஞ்சர், வார்னிங், காஷன், நோட்டீஸ் நான்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் படித்துவிட்டுப் போ. அமெரிக்கத் தரமான ஏஎன்எஸ்ஐ இசட்535-இல் இருக்கிறது. தவிர்க்காவிட்டால் உயிரிழப்போ கடுமையான காயமோ நிச்சயம் என்றால் டேஞ்சர், நேரக்கூடும் என்றால் வார்னிங், சிறிய அல்லது நடுத்தரக் காயம் என்றால் காஷன். காயத்துக்குச் சம்பந்தமில்லாத, பொருள் சேதம் போன்றவற்றுக்கு நோட்டீஸ்.

போர்ட்ஃபோலியோ, அதாவது காட்டுவதற்கு எழுத்து மாதிரிகள், இல்லையே என்று கவலைப்பட்டிருந்தாய். கல்லூரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையும் கட்டுரைப் போட்டியில் எழுதியதையும் சேர்த்துக் கட்டிக் கொண்டுபோகாதே. ஒன்றே ஒன்று போதும், ஆனால் அதில் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று உன்னால் சொல்ல முடிய வேண்டும். ஏதாவது ஒரு சிறிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது) எடு. அதனுடன் வரும் ரீட்மீ என்ற அறிமுகக் குறிப்பு ஃபைலில் உள்ளபடியே, ஒன்றும் நிறுவாத புதுக் கணினியில் நிறுவிப் பார். எங்கேயாவது மாட்டிக்கொள்வாய். மாட்டிக்கொண்ட இடத்தைக் குறித்து, சரிசெய்து, நிரல்களைப் பகிர்கிற கிட்ஹப் தளத்தில் புல் ரிக்வெஸ்ட் (உன் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் வேண்டுகோள்) அனுப்பு. பழையது, புதியது, நடுவில் அந்த மென்பொருளை உருவாக்குகிறவர்கள் கேட்ட கேள்வி, நீ சொன்ன பதில் எல்லாம் ஒரே லிங்க்கில் இருக்கும். மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவமைப்பு முறையும், மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கிற கிட் என்ற கருவியும் பழகின மாதிரியும் ஆயிற்று.

ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசுகிற வழி) ஆவணங்கள் எழுதுகிற வேலை என்றால், இலவசமாகக் கிடைக்கும் ஒரு ஏபிஐயை போஸ்ட்மேன் என்ற சோதனைக் கருவியில் கூப்பிட்டுப் பார்த்து, ஒரே ஒரு எண்ட்பாயின்ட்டுக்கு (கோரிக்கை போய்ச் சேரும் முகவரிக்கு) முழுப் பக்கம் எழுது. சர்வர் திருப்பி அனுப்புகிற பிழைக் குறி எண்களை விளக்குவதில்தான் ஆளின் தரம் தெரியும். 401 வந்தால் நீ யார் என்றே சர்வருக்குத் தெரியவில்லை, அடையாளத்துக்கு அனுப்பும் கீயைச் சரிபார்க்க வேண்டும். 403 வந்தால் யார் என்று தெரிந்திருந்தாலும் அனுமதி இல்லை, பெரும்பாலும் அட்மினிடம் கேட்க வேண்டும். 429 என்றால் அடிக்கடி கூப்பிட்டுவிட்டாய், கொஞ்சம் பொறு. மூன்றுக்கும் "பிழை ஏற்பட்டது" என்று எழுதினால் படிக்கிறவனுக்கு என்ன பயன்?

இன்டர்ன்ஷிப்பில் எழுதியதை அனுமதியில்லாமல் காட்டாதே. ரகசியத்தைக் காக்கத் தெரியாதவன் என்ற பெயர்தான் மிஞ்சும்.

கருவிகளைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். ஃப்ரேம்மேக்கர், ஃப்ளேர் போன்ற ஆவணம் தயாரிக்கிற மென்பொருள்களையெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம், தெரியாது என்றே சொல். டிட்டா மட்டும் என்னவென்று தெரிந்து வை. ஐபிஎம்மில் பிறந்தது, 2005-இல் ஓயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பின் தரமாக ஆனது. விளக்கம், செய்முறை, குறிப்புத் தகவல் என்று தனித்தனியாக எழுதி வைத்து, வேண்டிய இடத்தில் சேர்த்துக்கொள்கிற முறை. ஏன் பிரிக்கிறார்கள் என்று புரிந்தால் போதும், அதன் டேக்குகளை (குறிச்சொற்களை) மனப்பாடம் செய்யாதே. கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டின் ஸ்டைல் கைடும் (எழுத்து நடைக் கையேடும்) இணையத்தில் இலவசம். கூகுளின் டெக்னிக்கல் ரைட்டிங் பாடமும் அப்படித்தான். கிராமர் புத்தகத்துக்கு வைத்திருந்த நேரத்தை அதற்குக் கொடு.

"சம்பந்தப்பட்ட டெவலப்பர் பதிலே போடவில்லை என்றால் என்ன செய்வாய்?" இந்தக் கேள்வி அநேகமாக வரும். "மேனேஜரிடம் சொல்வேன்" என்று முதல் வாயில் சொல்லிவிடாதே. டிக்கெட்டை (அந்த வேலையைப் பற்றிய பதிவை) படிப்பேன், டெஸ்ட் பில்டை (சோதனைப் பதிப்பை) நானே ஓட்டிப் பார்ப்பேன், புரிந்த வரையில் வரைவு எழுதி, சந்தேகமான இடங்களை மஞ்சளில் குறித்து அனுப்புவேன் என்று சொல். வெறும் கேள்விக்குப் பதில் எழுத நேரமில்லாத மனிதர்கள்கூட, தங்கள் வேலையைப் பற்றித் தப்பாக எழுதியிருப்பதைப் பார்த்தால் உடனே திருத்த வந்துவிடுவார்கள்!

"இதையெல்லாம் ஏஐயே எழுதிவிடுமே, நீ எதற்கு?" என்றும் கேட்கலாம். கோபப்படாமல் மேலே உள்ள பத்தியையே உதாரணம் காட்டு. வாக்கியத்தைச் செப்பனிட ஏஐயால் முடியும். ரீஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம் என்பது பத்தியில் இல்லை, யாராவது கருவி முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும் அல்லது தெரிந்தவரைக் கேட்க வேண்டும். வீட்டில் செய்யச் சொல்லும் தேர்வாக இருந்தால், ஏஐயைப் பயன்படுத்தலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியில் "உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். ஒன்றுமில்லை என்று எழுந்து வந்துவிடாதே. நான் எழுதுவதை யார் சரிபார்ப்பார்கள்? புது அம்சம் வரப்போகிறது என்பது எழுத்தாளருக்கு எப்போது தெரியவரும்? படிக்கிறவர்களின் புகார் எங்கள் கைக்கு எப்படி வரும்? இந்த மூன்றும் போதும். "ரிலீசுக்கு முந்தின நாள்தான் எங்களுக்கே தெரியும்" என்று சிரித்தால், அங்கே ராத்திரி வேலை உறுதி. முதல் வேலை என்பதால் அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் வரைவைத் திருத்த ஒரு சீனியர்கூட இல்லை என்றால், சம்பளம் நன்றாக இருந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
அக்கா