மடத்துவெளி ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

சனிக்கிழமை 200 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டம், ஞாயிறு 21 கிலோமீற்றர் கால் ஓட்டம், இரண்டும் முடிந்தன. இது திங்கள் இரவு. கால் இன்னும் படியிறங்க மறுக்கிறது. ஆனாலும் இன்றைக்கே எழுதாவிட்டால் வேலை, வீடு, மகனின் ரியூசன் என்று தள்ளிப்போய்விடும். சைக்கிள் ஓட்டத்தின் நடுவில் இனி உருளாது என்று ஆகிவிட்ட என் பின் சில்லுக்கு என்ன நடந்தது என்பதைப் படத்திலேயே எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். கனடாவில் இருக்கும் சித்திகூடப் பார்த்துவிட்டு விடியற்காலையில் அழைத்தா. ஆகவே அந்தக் கதை வேண்டாம். அதற்குப் பிறகு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதுதான் பலருக்குத் தெரியாது. நன்றி சொல்ல வேண்டியதும் அதற்குத்தான்.

புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில், வந்ததற்கு அடையாளமாக அட்டைக்கு முத்திரை குத்திக்கொண்டு திரும்பியாயிற்று. மிச்சம் இருபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணம் முற்றவெளியில் இருந்து வெளிக்கிட்டு, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, மருதங்கேணி, ஆனையிறவு, சாவகச்சேரி என்று குடாநாட்டைச் சுற்றி வந்தவளுக்கு, புங்குடுதீவு மடத்துவெளியில் ஒரு பனையோலை வேலி ஓரமாகச் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு நடக்க வேண்டி வந்தது. 200 கிலோமீற்றருக்கு 13 மணி 30 நிமிடம் என்பது நேரத்துக்குள் முடிக்க வேண்டிய இந்த வகை நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்துக்கு உலகம் முழுக்க உள்ள கணக்கு. இரவு ஏழரைக்குள் முற்றவெளிக்குப் போக வேண்டும். அப்போது மணி ஐந்தாகியிருந்தது.

ஐயா படலையடியில் நின்று ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிள்ளை எவடம்?"

"கொக்குவில், ஐயா."

"கொக்குவில்ல ஆற்ற பிள்ளை?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. அப்பப்பாவின் பெயர், அவர் வேலை பார்த்த இடம், எங்கள் ஒழுங்கை எந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் என்று எல்லாம் கேட்டார். ஒன்றும் பிடிபடவில்லை. யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு விசாரணை தோற்றுப்போவது அபூர்வம். "சரி, அது கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன்னுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

பழைய றலி. பார் வைத்த ஆம்பிளைச் சைக்கிள். முழுச் செயின் கவர், தோல் சீற், முன் சில்லில் டைனமோ, கரியரில் ரியூப் வெட்டிக் கட்டிய பட்டி. மட்காட்டில் ஒரு பொட்டுக் கறள் இல்லை. கடைக்கும் கோயிலுக்கும் தோட்டத்துக்கும் அந்த வீட்டில் இருக்கிற ஒரே வாகனம் அது என்று பிறகுதான் தெரிந்தது. "இதைக் கொண்டு போம். உம்மட சாமானை இஞ்ச விட்டிட்டுப் போம். பிறகு பாப்பம்" என்றார். எப்போது திருப்பித் தருவீர் என்று கேட்கவில்லை. தொலைபேசி எண் கேட்கவில்லை. நானாக எழுதிக் கொடுத்த துண்டைக் கண்ணாடி போடாமலே மடித்துச் சேட் பொக்கற்றில் வைத்தார்.

குறடு கொண்டுவந்து சீற்றை எனக்கு அளவாக இறக்கினார். ஆச்சி தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய்ப் போத்தலோடு வந்தா. ஐயா செயின் கவரின் மூடியைத் திறந்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு சொட்டாக விட்டார். எனக்கு நேரம் ஓடுகிறது என்று பதற்றம். அவருக்கு அவசரமே இல்லை. எண்ணெய் விட்டுக்கொண்டே டைனமோவைக் காட்டிக் கதை சொன்னார். 90க்குப் பிறகு கரண்டும் இல்லை, பற்றறியும் தடை. இடம்பெயர்ந்து திருநெல்வேலியில் இருந்த காலத்தில், இந்தச் சைக்கிளைத்தான் கவிழ்த்து வைத்துத் தம்பி பெடலைச் சுற்ற, தான் றேடியோவில் காதை வைத்துப் பிபிசி தமிழோசை கேட்பாராம். தம்பிக்குக் கை நோகும்போது செய்தி மெலிந்துகொண்டு போகுமாம். "முக்கியமான இடத்திலதான் அவனுக்குக் கை நோகும்" என்று சிரித்தார்.

என் சப்பாத்து அடியில் இரும்புக் கட்டை வைத்தது. என் பெடலில் கொழுவுவதற்கென்று செய்தது. றலியின் றப்பர் பெடலில் அது வழுக்கியது. இதை யாரும் கேட்காமலே ஆச்சி கண்டுபிடித்து, காலில் கிடந்த பாட்டாவைக் கழற்றி முன்னால் வைத்தா. அதற்கு முன் என் அரைக் களிசானை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்ததையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை. பாட்டாவை மட்டும் தந்தா.

வெளிக்கிடும்போது ஐயா கேட்டார்: "எவ்வளவு பிள்ளை பரிசு?"

பரிசு இல்லை, இது போட்டியே இல்லை, நேரத்துக்குள் முடித்தால் எல்லோருக்கும் ஒரே பதக்கந்தான், முதலாவது கடைசி என்று இல்லை என்று விளங்கப்படுத்தினேன். சேருவதற்கு நாங்கள்தான் காசு கட்டினோம் என்றும் சொன்னேன்.

"காசு குடுத்தே உழக்குறியள்?"

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை.

புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் வாணர் தாம்போதியில் ஏறியதும் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று முதுகில் பிடித்துத் தள்ளியது. போகும்போது முகத்தில் அறைந்து, ஒரு மரம்கூட மறைப்பு இல்லாமல் இரண்டு பக்கமும் கடலோடு என்னைப் பாடாய்ப் படுத்திய அதே காற்று. பாரமான சைக்கிள்தான், ஆனால் ஓடத் தொடங்கினால் நிற்காது. வேலணை தாண்ட இருட்டியது. ஐயா சொன்னபடி டைனமோவைத் தட்டிவிட்டேன். ரயரில் உரசிக்கொண்டு ஒரு சத்தம், உழக்கக் கொஞ்சம் பாரம், முன்னால் மஞ்சள் வெளிச்சம். வேகமாக உழக்கினால் வெளிச்சம் கூடும், களைத்தால் குறையும். பண்ணைப் பாலத்தில் ஏறும்போது வெளிச்சம் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் ஒரே சிந்தனை. ஏழரைக்குச் சில நிமிடங்கள் இருக்க முற்றவெளிக்கு வந்து சேர்ந்தேன். றலியில், பாட்டாவோடு. அட்டையில் கடைசி முத்திரை குத்திய தம்பி முதலில் என் காலைத்தான் பார்த்தான்.

மற்றவர்களுக்கும் நன்றி, இது ஒப்புக்குச் சொல்வதல்ல. மருதங்கேணி வீதியில் வீட்டு வாசலில் வாளியும் கோப்பையுமாக நின்ற அக்கா, கொடிகாமத்தில் தேத்தண்ணிக்குக் காசு வாங்காத கடைக்காரர், கதலிப்பழச் சீப்புகளோடு வெயிலில் காய்ந்த சாரணப் பிள்ளைகள், சந்திகளில் வாகனங்களை மறித்துவிட்ட பொலிஸார், இரவு என் முதுகுக்கு எண்ணெய் போட்டுவிட்ட மாமி, உங்கள் எல்லோருக்கும். ஞாயிறு 21 கிலோமீற்றர் ஓட்டத்தில், இனி ஏலாது என்று நடக்கத் தொடங்கிய இடத்தில் ஒரு செம்பு பழஞ்சோற்றுத் தண்ணியோடு வந்த அம்மாவுக்கும். உப்பு, மோர், நறுக்கின வெங்காயம், பச்சை மிளகாய். வியர்வையில் போன உப்பு வெறும் தண்ணீரால் திரும்பி வராது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உள்ள உப்பு இன்னும் ஐதாகும். கடையில் பொடியாக விற்கும் பானத்தில் உள்ள சங்கதி இந்தச் செம்பிலும் இருக்கிறது. ருசி கூட. அதற்குப் பிறகு நான் நடக்கவில்லை.

ஏ9 வீதியில் கையால் தொடுகிற தூரத்தில் உரசிக்கொண்டு போன தனியார் பஸ் சாரதிக்கு மட்டும் நன்றி இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது மனம் வேறு எங்கோ போனதையும் சொல்லத்தான் வேண்டும். போரில் ஊரோடு இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு அதே பாலத்தை நான் அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து கடந்தேன். கரியரில் அரிசி மூட்டை, ஹாண்டிலில் பானையும் பாயும். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வந்தா. வலிகாமமே அந்த ஒரு வீதியில் நின்றது. அப்பா உழக்கவில்லை, உழக்க இடம் இல்லை, உருட்டினார். சாவகச்சேரிக்குப் போய்ச் சேர விடிந்துவிட்டது. அதே தூரத்தை எதிர்த்திசையில், தண்ணீர்ப் போத்தலை உறிஞ்சிக்கொண்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் கடந்தேன். எங்கள் அப்பாமாருக்கு இந்த ஓட்டங்கள் பைத்தியமாகத் தெரிவதில் நியாயம் இருக்கிறது. பெற்றோல் இல்லாத காலத்தில் அவர்கள் வேண்டிய மட்டும் உழக்கிவிட்டார்கள். அப்பா இப்போது சைக்கிளில் ஏறுவதே இல்லை. ஆனால் சனிக்கிழமை இரவு முற்றவெளியில் நான் நிறுத்திய றலியைச் சுற்றி வந்து பார்த்தார். ஹாண்டிலைப் பிடித்து ஒரு தரம் ஆட்டினார். "நல்லா வச்சிருக்கிறார்" என்றார். எனக்கு வாழ்த்துச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

இன்று காலை றலியை நானே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். என் கணவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். இரண்டு நாள் ஐயா கடைக்கும் கோயிலுக்கும் நடந்துதான் போயிருக்கிறார். அதைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை, ஆச்சிதான் சொன்னா. காசு நீட்டினேன். முகம் மாறியது. மடித்து வைத்துவிட்டேன். சைக்கிளை அவர் சோதித்துப் பார்க்கவும் இல்லை. "டைனமோ வேலை செய்ததோ?" என்று மட்டும் கேட்டார். வேலை செய்தது என்றதும், வீட்டுக்குள் திரும்பி, "கேட்டியே, வேலை செய்ததாம்" என்று ஆச்சிக்குச் சத்தம் போட்டுச் சொன்னார். வரும்போது ஒடியலும் பனாட்டும் கட்டித் தந்தார்கள். பாட்டாவைத் திருப்பிக் கொடுத்தபோது, "அதை நீர் வைச்சிரும்" என்றா ஆச்சி. வைத்திருக்கிறேன்.

ஐயாவின் படத்தையும் பெயரையும் போடச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், ஆகவே போடமாட்டேன்.

ஆனால் ஒன்று செய்யப் போகிறேன். ஏற்பாட்டாளர்களோடும் கதைத்தாயிற்று. அடுத்த முறை தீவுப் பக்கம் வரும் ஓட்டத்தில் ஒரு முத்திரை மடத்துவெளியில், அந்தப் படலையடியில் குத்தப்படும். மேசை போட்டு நான் இருப்பேன், அன்றைக்கு ஓடமாட்டேன். குறடு, எண்ணெய், ரியூப், ஒட்டுப் போடும் சாமான் எல்லாம் என் பொறுப்பு. ஐயாவிடம் கேட்டபோது சம்மதித்தார். வருகிற ஒருவரையும் சாப்பிடாமல் அனுப்பக்கூடாது என்பது ஆச்சியின் நிபந்தனை. எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று முதலே தெரிய வேண்டுமாம். ஆகவே வரப் போகிறவர்கள் கடைசி நாள் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் நேரத்தோடு பெயரைப் பதியுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் அதையும் சேர்த்து எழுதுங்கள்.