கரும்புள்ளியைச் சுற்றி நகரும் காந்தப்புலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளிவந்த சூரியக் கரும்புள்ளிகள் பற்றிய கட்டுரையை, மேல்நிலை வகுப்புகளில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஆர்வத்துடன் படித்தேன். புள்ளியின் நடுப்பகுதி ஏறத்தாழ 4,000 கெல்வின் வெப்பநிலையிலும் சுற்றியுள்ள பரப்பு 5,800 கெல்வின் அளவிலும் இருப்பதால்தான் அது கறுப்பாகத் தெரிகிறது என்ற விளக்கம் சரியே. ஆனால் அங்குள்ள காந்தப்புலம் அசையாமல் நிற்பதுபோல எழுதப்பட்டிருப்பது எனக்கு மிகுந்த குறையாகப் பட்டது.

கரும்புள்ளிகளில் வலிமையான காந்தப்புலம் இருப்பதை அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் வானியலாளர் ஜார்ஜ் ஹேல் 1908இல் கண்டறிந்தார். புள்ளிகள் சூறாவளியைப் போலச் சுழல்பவை என்பது அவருடைய கருத்து. அதைச் சோதித்துப் பார்க்க முனைந்த ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில், நம் கொடைக்கானல் ஆய்வகத்தில் எடுத்த நிறமாலைப் படங்களில் வேறொன்றைக் கண்டார்: புள்ளியின் கறுத்த நடுப்பகுதியைச் சூழ்ந்த, சற்றே மங்கலான புறநிழல் பகுதியில் வாயு சுழலவில்லை, பரப்பை ஒட்டி உள்ளிருந்து வெளிநோக்கி வினாடிக்கு 2 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் பாய்கிறது. இன்றும் அவர் பெயராலேயே வழங்கும் இந்தக் கண்டுபிடிப்புக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தம் தருகிறது.

சூரிய வாயு மின்சாரத்தை நன்கு கடத்துவதால் வாயுவும் காந்தப்புலமும் ஒன்றைவிட்டு ஒன்று எளிதில் விலக இயலாது. புள்ளியின் நடுவே சில ஆயிரம் காஸ் (காந்தப்புல வலிமையின் அலகு) அளவுக்குப் புலம் ஓங்கி, கீழிருந்து வெப்பம் கொண்டுவரும் வாயுவோட்டத்தை அடக்கிவிடுகிறது. புள்ளிக்கு வெளியே பெரும்பாலான இடங்களில் வாயுவின் கை ஓங்கி, புலத்தை இழுத்துச் செல்கிறது. அதனால்தான், வளர்ந்து முடிந்த புள்ளியைச் சுற்றியுள்ள வளையம் போன்ற பகுதியில், சிறுசிறு காந்தத் திட்டுகள், வடதுருவத் தன்மையுடையவையும் தென்துருவத் தன்மையுடையவையும் கலந்து, வினாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. புள்ளி தேய்ந்து மறைவதில் இத்திட்டுகளுக்கும் பங்கு உண்டு என்பதால், இவற்றை விட்டுவிட்டுக் கரும்புள்ளியின் ஆயுளைப் பற்றிப் பேசுவது முழுமையாகாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளி மாணவர்கள் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் தொலைநோக்கியைக் கேள்விப்பட்டிருப்பார்கள்; கொடைக்கானலின் சூரிய ஆய்வை அறிந்தவர்கள் குறைவு. எனவே, நாசாவின் சூரிய ஆய்வு விண்கலம் எடுத்து வெளியிடும் காந்தப்புலப் படங்களில், ஒரே புள்ளியின் அடுத்தடுத்த நாட்களுக்குரியவற்றை வரிசையாக அச்சிட்டு, வெள்ளை ஒரு துருவத்தையும் கறுப்பு எதிர்த்துருவத்தையும் குறிப்பதை விளக்கி, கொடைக்கானலின் பங்கையும் எடுத்துச்சொல்லும் தொடர்கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.