நாலாவது பிரதி

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
ஐப்பசி 4, ஞாயிறு

அன்பு மகன் கதிருக்கு அம்மா எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். மாமா, அத்தை, பவித்ரா எல்லாரும் நலம். மாமாவுக்கு மட்டும் ராத்திரியில் தூக்கம் இல்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

புரட்டாசி முடிந்து நாலு நாள் ஆகிறது. தெரு முழுக்க ஒரு மாதம் கவுச்சி இல்லாமல் இருந்தது. எதிர்வீட்டுப் பாட்டிக்குத் தமிழில் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேச வராது, ஆனால் புரட்டாசி பிறந்தால் சட்டி பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை. கடைசிச் சனிக்கிழமை நீ வருவாய் என்று மாவிளக்குக்கு இரண்டு பங்கு மாவு இடித்தேன். வரவில்லை. பரவாயில்லை. வேலை இருக்கும்.

போன் மணி அடித்து அடித்து நின்றுபோகிறது. வாட்ஸ்அப்பில் இரண்டு கோடு விழுகிறது, நீலமாகவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். தமிழ் எழுத்து உனக்கு மறந்திருக்காது. பருப்பு மூட்டை மேல் உட்கார வைத்துக் கடைக் காலண்டரில் ஒவ்வொரு தாளாகக் கிழித்துச் சொல்லிக் கொடுத்தது.

பதிவான ஆடிட்டருக்குக் கீழே நீ இருக்க வேண்டிய பதினெட்டு மாதம் எப்போது முடிகிறது? தைப்பூசக் காவடிக்கு முன்னால் முடிந்துவிடும் என்று சொன்னதாக நினைவு. அது முடிந்தவுடன் ஆடிட்டர்களைப் பதிகிற ஐஆர்பிஏவின் படிவத்தைப் போட்டுவிடு, தள்ளிப்போடாதே. ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை படி. உள்ளதை உள்ளபடி எழுது. போன வாரம் பவித்ராவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆடிட்டர்களுக்கான அந்த 2005-ஆம் வருடச் சட்டத்தைப் படித்துச் சொல்லச் சொன்னேன். அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொண்டேன். பயிற்சியும் தேர்வும் முடித்திருக்க வேண்டும். இந்த நாட்டில் குடியிருக்க வேண்டும் (லண்டன் போகிற பேச்சை இன்னும் மனதில் வைத்திருக்கிறாயா, தெரியவில்லை). நம்பிக்கையான பதவி எதிலிருந்தும் தவறு செய்து நீக்கப்பட்டிருக்கக் கூடாது. திருட்டு, மோசடி, பொய்க் கையெழுத்து என்று தண்டனை வாங்கியிருக்கக் கூடாது. கடன்பட்டுத் திவாலாகி அதிலிருந்து மீளாதவனாக இருக்கக் கூடாது. இதற்கெல்லாம் மேலே 'ஃபிட் அண்ட் ப்ராப்பர்' என்று ஒரு வார்த்தை. அதற்குத் தமிழ் தெரியாமல் பவித்ரா முழித்தாள். யோக்கியன் என்று அர்த்தம் என்றேன்.

என் பிள்ளையை அந்த வார்த்தைக்கு நேராக நிறுத்திப் பார்த்தேன். நீ ஏறி வந்த படி எனக்குத் தெரியாதா? மூன்று வருடப் பட்டம், அப்புறம் சிடிஏ என்று ஒரு வருட மேல்படிப்பு. சிடிஏ வருடம் நீ படிக்கிற மேஜையிலேயே தலை சாய்த்துத் தூங்குவாய், கன்னத்தில் பேனா மை இருக்கும். ஜனவரியில் ஐடிசி என்கிற முதல் தொழில் தேர்வை எழுதித் தவறிவிட்டாய். ஜூனில் திரும்ப எழுதித் தேறினாய். அதற்குள் ஆடிட் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஸ் பயிற்சியில் சேர்ந்து, மூன்று வருடம் அவர்கள் சொன்ன ஊருக்கெல்லாம் போய்ச் சரக்கு எண்ணினாய். கடைசியில் அந்த ஏபிசி என்கிற முடிவுத் தேர்வு. பரீட்சைக்கு ஐந்து நாள் முன்னால் கம்பெனிக் கதையைக் கையில் கொடுத்துவிட்டு, எட்டு மணி நேரம் உட்கார வைத்து எழுத வைத்தார்கள். அந்த ஐந்து நாளும் நீ சோற்றைப் பிசைந்துகொண்டே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய். தேறிவிட்டாய் என்று போன் வந்தபோது நான் கடையில் கொத்தமல்லி நிறுத்துக்கொண்டிருந்தேன். தராசை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். உன் அப்பா இல்லையே என்று அன்றைக்கு அழுத அழுகை எனக்கும் அத்தைக்கும்தான் தெரியும்.

என் மகன் ஆடிட்டர் என்று அன்றிலிருந்து கோயிலில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். எல்லாம் அந்த ஒரு வார்த்தையில்தான் தொடங்கியது.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை வீட்டுக்கு ஆடிட்டர் வீடு என்றுதான் பெயர். அங்கே சி.ஏ. என்றாலே ஆடிட்டர். பாஸ் பண்ணி, உறுப்பினராகி, தொழில் நடத்தச் சான்றிதழ் வாங்கிப் பலகை மாட்டிவிடுவார்கள். இந்த ஊரில் சி.ஏ. வேறு, ஆடிட்டர் வேறு என்பது என் புத்தியில் ஏறவில்லை. சி.ஏ.க்களின் சங்கமான சைக்காவில் உறுப்பினராகிப் பெயருக்குப் பின்னால் சி.ஏ. போட்டுக்கொண்டாலும், பதிவான ஆடிட்டர் ஒருவருக்குக் கீழே குறைந்தது பதினெட்டு மாதம் இருந்து, ஐஆர்பிஏவில் பதிந்த பிறகுதான் ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போடலாம். நீ எத்தனை தடவை சொன்னாய்! நான் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு மறுநாள் கோயிலில் ஆடிட்டர் என்றே சொன்னேன்.

ஆவணி மாதம் நடந்ததை எழுத வேண்டியிருக்கிறது. கோபப்படாமல் படி.

மாமாவிடம் நீ பேசிய விதம் தவறு. அப்பா போன பிறகு உன் படிப்புக்குக் கட்டிய பணம் யாருடைய பணம்? 2021 ஜூலையில் கடையைச் சூறையாடினார்களே, காலையில் நாம் போய்ப் பார்த்தபோது அலமாரிகூட இல்லை, தரையில் மஞ்சள் தூளும் கண்ணாடியும் கலந்து கிடந்தது. அந்த மாதமும் உன் அறை வாடகையை மாமா நிறுத்தவில்லை. இது உனக்குத் தெரியாது, இப்போது சொல்கிறேன். அப்படிப்பட்டவர் எதிரில் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாமா? கையைக்கூடக் கழுவாமல் காரை எடுத்தாய். வான் ரீனன் கணவாயில் ராத்திரி மூடுபனி இறங்கும் நேரம். விடிகிற வரைக்கும் நான் ஜன்னலோரம் நின்றேன். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை அனுப்பியிருக்கலாம்.

ஆனால் கையெழுத்துப் போடாதது சரி. அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஒரு கோடு இழுக்க இவ்வளவு கர்வமா என்றுதான் நினைத்தேன். நீ என்ன செய்தாய் என்பது மட்டும் கண்ணிலேயே இருக்கிறது. மேஜையில் ரசக்கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்தக் காகிதம். மேலே மாமா கம்பெனி பெயர், கீழே வெறும் கோடு, கோட்டுக்குக் கீழே உன் பெயர், உன் உறுப்பினர் எண், 'ஆடிட்டர்'. நீ சத்தம் போடவில்லை. காகிதத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாய். பேனாவின் மூடியை எடுத்து அழுத்தி மூடினாய். "இன்னும் பதிவாகாதவன் ஆடிட்டர் என்று போட்டுக்கொள்வதே குற்றம், மாமா. பதிவான பிறகும் இந்தக் கணக்கில் போட மாட்டேன். கடையில் இல்லாத சரக்கை ஸ்டாக்கில் ஏற்றியிருக்கிறீர்கள்" என்றாய்.

2017 டிசம்பரில் ஸ்டெய்ன்ஹாஃப் என்கிற பெரிய கம்பெனியின் கணக்கு மோசடி வெடித்து அதன் பங்கு தரைமட்டமானபோது, அரசாங்க ஊழியர்களின் பென்ஷன் பணமும் அதில் போட்டிருந்தது என்று டிவி முன்னால் நின்று சொன்னாயே. இத்தனை பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கணக்கு எப்படி அம்மா இப்படி ஆகும் என்று கேட்டாய். அப்போது நீ பட்டம் முடித்த பையன். அதை அன்றைக்கு நான் மேஜையில் நினைத்திருக்க வேண்டும்.

மாமாவைக் கெட்டவர் என்று நினைக்காதே. கடையைப் பெரிதாக்கக் கடன் கேட்டார், ஆடிட் செய்த கணக்கு வேண்டும் என்று வங்கியில் சொன்னார்கள். மாமாவே நடத்துகிற சின்னக் கம்பெனிக்குச் சட்டப்படி ஆடிட் கட்டாயமில்லையாம், பவித்ரா படித்துப் பார்த்துச் சொன்னாள். வங்கிக்காகத்தான். பதிவான ஆடிட்டர் ஒருவரைக் கேட்டதில் அவர் சொன்ன கூலியைக் கேட்டு மாமா மலைத்துப்போய்த் திரும்பி வந்தார். வந்தவரிடம் நான்தான் சொன்னேன், வீட்டிலேயே ஆடிட்டர் இருக்கும்போது வெளியே எதற்கு அண்ணே என்று.

கதிர், அந்தக் காகிதத்தில் என் எண் எப்படி வந்தது என்று நீ மாமாவைத்தான் கேட்டாய். அவர் வாய் திறக்கவில்லை. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொடுத்தது நான். ஹாலில் மாட்டியிருந்த உன் சான்றிதழை ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, எண்ணை ஒரு ரசீதின் பின்பக்கம் எழுதி, சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை ஒத்துப் பார்த்து மாமா கையில் கொடுத்தேன். பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்ததும் நான்தான். நீ மாமா மேல் கோபப்பட்டுப் போன பிறகும் இத்தனை நாள் சும்மா இருந்தேன். நீ போனை எடுத்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. வேறு ஏதாவது பேசிவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்திருப்பேன்.

இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாமா மொத்தம் நாலு பிரதி எடுத்தார். மேஜையில் இருந்தது ஒன்று, கடை டிராயரில் இரண்டு. நாலாவது எங்கே என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், வேறு பேச்சுக்குப் போனார். நேற்று ராத்திரி விடாமல் உட்கார்ந்து கேட்டேன். அது புரட்டாசி முதல் வாரமே வங்கிக்குப் போய்விட்டது. அதில் கையெழுத்து இருக்கிறது. உன்னுடையது இல்லை.

மாமா அழுதார். அத்தை அடுத்த அறையில் இருந்து வரவேயில்லை. கடன் இன்னும் கைக்கு வரவில்லை என்கிறார். அந்தப் பிரதியைத் திரும்ப வாங்கிவிடலாம், கதிருக்குத் தெரிய வேண்டாம் என்றார். ராத்திரி முழுக்க அதை யோசித்தேன். வங்கியில் யாராவது அந்த எண்ணை வைத்து சைக்காவுக்கு ஒரு போன் போட்டால் உன்னைத்தானே கேட்பார்கள்? படிவத்தில் யோக்கியன் என்று நீ எழுதுகிற இடத்துக்கு முன்னால் இது போய் நிற்குமே. உனக்குத் தெரியாமல் இருந்தால் நீ என்ன பதில் சொல்வாய்?

அதனால் இதை நீயே முதலில் சொல். உன் ஆபீஸில் பெரியவரிடம் சொல். சைக்காவிலும் ஐஆர்பிஏவிலும் சொல்ல வேண்டுமா என்று அவரையே கேள். மாமாவைக் காப்பாற்ற ஒரு வார்த்தையும் கூட்டிக் குறைக்காதே. அம்மா பெயரையும் விடாதே. எண்ணை எடுத்துக் கொடுத்தது அம்மா என்றே எழுது. இதை மாமாவிடமும் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார், பேசவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மாமாவும் நானும் வங்கிக்குப் போகிறோம். அந்த அறிக்கையில் இருக்கிற கையெழுத்து உன்னுடையது இல்லை, கணக்கு ஆடிட் ஆகவில்லை என்று எழுத்தில் கொடுக்கப் போகிறோம். பவித்ரா ஆங்கிலத்தில் எழுதித் தருகிறாள். அதற்கு முன்னால் ஒரு தடவை போனை எடு. என்னோடு பேச வேண்டாம் என்றால் பவித்ராவிடம் பேசு. என்ன வார்த்தை எழுத வேண்டும், அவர்களிடமிருந்து என்ன எழுதி வாங்க வேண்டும், அதை மட்டும் சொல்.

தபாலை நம்ப முடியாது. கூரியரில் அனுப்புகிறேன், புதன்கிழமைக்குள் வந்துவிடும் என்கிறார்கள். மீதி மூன்று பிரதியும் இதே கவரில் இருக்கிறது. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். கிழிக்காதீங்க அத்தை, அத்தானுக்கு வேண்டியிருக்கும் என்று பவித்ரா பிடுங்கி வைத்தாள். மூலையில் ரசம் பட்டது மேஜையில் இருந்த பிரதி.

எதில் கையெழுத்துப் போட்டாலும் படித்துப் போடு. நேரத்துக்குச் சாப்பிடு. தீபாவளிக்கு வந்தால் கணவாயைப் பகலில் தாண்டு. உன் சான்றிதழ் இன்னும் என் கட்டில் மேல்தான் இருக்கிறது, ஆணி மட்டும் சுவரில் நிற்கிறது. எனக்கு அதைத் திரும்ப மாட்டக் கை வரவில்லை.

இப்படிக்கு,
அம்மா