வரையப்பட்ட உலகுக்கு விதி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

'க்ளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' வீடியோ விளையாட்டின் கேன்வாஸ் உலகத்துக்கு, அதாவது ஓர் ஓவியத்துக்குள் வரையப்பட்டு உயிர்வாழும் உலகத்துக்கு, அது எப்படி இயங்குகிறது என்று விதிப் பட்டியலும் விளக்க வீடியோவும் தயாரிக்கும் நண்பர்களுக்கு, வணக்கம். (2025இல் வந்த விளையாட்டுதான், இன்னும் முடிக்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள், கடைசிக் காட்சிவரை பேசப்போகிறேன்.)

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒரு விதியை எழுதினால், அதைச் சொன்னது யார் என்றும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இந்தக் கதை நம்மை ஏற்கெனவே ஒருமுறை நன்றாக ஏமாற்றியிருக்கிறது. பெயின்ட்ரஸ் என்ற ஓவியக்காரி ஆண்டுக்கொரு எண் எழுதுகிறாள், அந்த வயதுக்காரர்கள் கரைந்துபோகிறார்கள், ஆகவே கொல்பவள் அவள்தான் என்று அந்த உலகின் லூமியேர் ஊரே நம்பியது. படை படையாக அனுப்பியது. எண்ணை எழுதியது அவள்தான், சரி. ஆனால் அழித்துக்கொண்டிருந்தது அவள் கணவர் ரெனுவார். இருவருமே வெளியுலகிலிருந்து கேன்வாஸுக்குள் வந்த ஓவியர்கள். அவளோ தன்னால் இனி யாரைக் காப்பாற்ற முடியாது என்று எச்சரித்துக்கொண்டிருந்தாள். ஊர் பார்த்ததில் பிழையில்லை. கற்பித்துக்கொண்ட காரணம்தான் பிழை.

அப்படியிருக்க, "வரையப்பட்டவர்கள் நிஜமில்லை" என்பதை மட்டும் எந்தத் தைரியத்தில் முதல் விதியாக எழுதுகிறீர்கள்? கேன்வாஸை அழிக்கத் துடிக்கும் ரெனுவார், மகனைப் பறிகொடுத்தவர். மனைவி பெயின்ட்ரஸும் மகள் மயேலும் கேன்வாஸுக்கு உள்ளேயே தங்கிவிடுவார்களோ என்று பயப்படுபவர். உள்ளேயே கிடந்தால் ஓவியர் அழிவார் என்று அவர் சொல்வதற்கு, மயேல் உள்ளேயே தங்கிவிடும் 'மயேல் முடிவில்' அவள் முகமே சாட்சி. அதை விதி என்று தாராளமாக எழுதுங்கள். உள்ளே இருப்பவர்களின் உயிருக்கு மதிப்பில்லை என்பதற்கு என்ன சாட்சி? இறந்த மகனின் வரையப்பட்ட வடிவமான வெர்சோ கேன்வாஸை முடித்துவைக்கும் 'வெர்சோ முடிவில்', வரையப்பட்டவர்களில் ஒருத்தியான லூன் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து அவனை முறைக்கிறாளே, அதை எந்தப் பட்டியலிலும் காணோம்.

வரையப்பட்டவர்களை ஆக்கியிருக்கும் வண்ணச் சக்தியான க்ரோமா விஷயம் இன்னும் குழப்பம். நெவ்ரான் என்னும் அரக்கர்கள் கையில் செத்தவர்களின் க்ரோமா உடலிலேயே சிக்கிக்கொள்ளும். ரெனுவாரின் மூத்த மகள் க்ளியா நெவ்ரான்களை அதற்காகவே படைத்தாள். கரைந்துபோன லூனையும் இன்னொரு தோழி சியெலையும் மயேல் திரும்ப வரைந்ததை நாம் பார்த்தோம். ஆனால் தொடக்கத்திலேயே கரைந்துபோன சோஃபி, மயேல் முடிவில் தன் முன்னாள் காதலன் குஸ்தாவோடு வருகிறாளே, அவள் பழைய சோஃபியா, மயேலின் ஆசைக்கு வரைந்த சோஃபியா? விளையாட்டு வாயைத் திறக்கவில்லை. உங்களில் ஒருவர் "அதே ஆள்" என்கிறார், இன்னொருவர் "நகல்" என்கிறார், இருவருமே விதி என்று தலைப்புப் போட்டு. எனக்கும் ஓர் ஊகம் உண்டு. ஊகம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

காட்சியில் கண்டது, பாத்திரம் சொன்னது, நீங்களே யூகித்தது என்று பிரித்துக் குறித்தால் போதும். சோஃபி பற்றிய வரியிலிருந்து திருத்த ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
இரண்டு முடிவுகளையும் ஆடிப் பார்த்த ஒருவர்