மழைக்குப் பின் இனிக்கும் கிணற்று நீர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதித்துக் குடிக்க வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவசியமான கட்டுரை. ஆனால் எந்தப் பருவத்தில் பரிசோதிப்பது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையைச் சொல்லவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில் கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கை ஒன்று பல ஆண்டுகளாக ஒட்டியிருக்கிறது. 'குடிக்க உகந்தது' என்று முடிவு. மாதிரி எடுத்தது மழைக்காலத்தின் நடுவில். அந்த ஒரு தாளை நம்பித்தான் கோடையிலும் குடித்துவந்தோம். சென்ற கோடையில் ஓர் இரவு கண்ணாடித் தம்ளரில் பிடித்து வைத்த நீர், பிடித்தபோது பளிங்குபோல் இருந்தது. காலையில் பார்த்தால் அடியில் காவி நிற வண்டல். மேலே எண்ணெய் மிதப்பதுபோல் ஒரு படலம். நீரில் கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகப் படிந்திருக்கிறது. இரும்பால் பெரிய கெடுதல் இல்லைதான். ஆனால் அறிக்கையில் இருந்த நீரும் தம்ளரில் இருந்த நீரும் ஒன்றல்ல என்பது அன்றுதான் உறைத்தது.

கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மேல் ஊற்றுகள் வற்றி, மோட்டார் அடியிலுள்ள பாறை இடுக்குகளின் நீரை இழுக்கிறது. நெடுங்காலம் பாறையோடு கிடந்த நீர் அது. உப்பும் கடினத்தன்மையும் கூடியிருப்பதில் வியப்பில்லை. சில வகைப் பாறைகளில் ஃபுளூரைடும் சேர்ந்துகொள்ளும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிறமும் சுவையும் மணமும் இல்லாத அது வளரும் குழந்தைகளின் பல்லில் கறையாக வெளிப்படும். அளவு மிகுந்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பையும் பாதிக்கும். சோப்பு நன்றாக நுரைக்கிறது, ஆகவே நல்ல தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். கால்சியம் குறைந்த மென்னீரில்தான் ஃபுளூரைடு அதிகம் கரைந்து நிற்க முடியும் என்பதை அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது மழைக்காலம். நாலு நல்ல மழை பெய்ததும் உவர்ப்பு குறைந்து நீர் இனிக்கிறது. டி.டி.எஸ். மீட்டரை அமிழ்த்தினால் எண் இறங்கியிருக்கிறது. எல்லோருக்கும் நிம்மதி. அந்த மீட்டர் பார்ப்பது நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டுமே. அதிலிருந்து உப்பின் மொத்த அளவை மதிப்பிட்டுச் சொல்கிறது. கிருமி அதன் கண்ணில் படாது. மழைநீர் மண்ணில் மெல்ல வடிந்து இறங்கினால் நல்லது. மண் சரியாமலிருக்கக் கிணற்றில் இறக்கும் கேசிங் குழாயின் வெளிப்புற இடைவெளி வழியாகவோ பாறைப் பிளவு வழியாகவோ நேராக இறங்கினால், கழிவுத் தொட்டிக் கசிவும் சாணமும் உர எச்சமும் கூடவே வந்துவிடும். மழை பெய்த ஓரிரு நாளிலேயே நீர் கலங்கினால், மேல்நீர் வடிபடாமல் கிணற்றுக்குள் இறங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் நைட்ரேட்டுக்கும் சுவை கிடையாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அதன் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். காய்ச்சிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கும் தாய்மார்கள் எத்தனையோ பேர். கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; நைட்ரேட்டும் ஃபுளூரைடும் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடவே செய்யும்.

எல்லாக் கிணறுகளும் இப்படி மாறுவதில்லை. கனமான மண் போர்வைக்கு அடியில், கேசிங் சரியாக இறக்கிய ஆழமான கிணறு ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி நீரைக் கொடுக்கக்கூடும். நம் கிணறு எந்த வகை என்பது ஒரே ஒரு பரிசோதனையில் தெரியாது. கோடை முடிவில் ஒரு முறை உப்புகளுக்கும் ஃபுளூரைடுக்கும், மழை தொடங்கிய சில வாரங்களில் ஒரு முறை கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் பார்க்க வேண்டும். குழாயில் தேங்கிய நீர் போகும்வரை மோட்டாரை ஓடவிட்டு, ஆய்வகம் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து அன்றே சேர்ப்பித்துவிட வேண்டும். மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை என்ற கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கலாகாது. இருந்தால், குளோரின் போடுவதோடு நிறுத்திவிடாமல், கிணற்று வாயைச் சுற்றிச் சரிவான சிமென்ட் மேடை கட்டி, கேசிங் இடைவெளியை அடைக்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு இரண்டு முறை, கோடை முடியும்போதும் மழை பிடித்ததும், நீர்ப் பரிசோதனை குறித்து ஒரு சிறு பெட்டிச் செய்தியைத் தங்கள் இதழில் வெளியிடுங்கள். எந்தப் பருவத்தில் எதைப் பரிசோதிப்பது என்ற விவரத்தோடு நாலு வரி இருந்தால் போதும். எங்கள் அலமாரிக் கதவில் பழைய அறிக்கைக்குப் பக்கத்தில் அதை வெட்டி ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்