ஃபூஜேர் கோட்டையைப் பார்த்துவிட்டு கொத்துக்கரண்டியை எடு

அன்புள்ள கயல்,

பழைய மதில்களைச் செப்பனிடும் பயிற்சிக்குப் பேர் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். வேலையில் இறங்கும் முன் ஒரு நாள் ஒதுக்கி ஃபூஜேருக்குப் போய் வா. வடமேற்கு பிரான்ஸில் உள்ள ரென் நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டர்தான். அந்த வட்டாரமான பிரிட்டனி தனிக் கோமகனின் ஆட்சியில் இருந்தபோது, பிரான்ஸை ஒட்டிய அதன் எல்லையைக் காத்த கோட்டை அது. மதிலும் 13 கொத்தளங்களும் இன்னும் நிற்கின்றன. உள்ளே இருந்த மாளிகைதான் இடிந்து அடிச்சுவராகக் கிடக்கிறது.

நேரே வாசலுக்குப் போய்விடாதே. முதலில் மேட்டு ஊரில் செயின்ட் லெயோனார் தேவாலயத்தை ஒட்டிய பூங்காவில் நின்று கீழே பார். கோட்டை குன்றின் உச்சியில் இல்லை, ஊருக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. நான்சோன் ஆறு வளைந்து ஓடும் இடத்தில் ஒரு பாறைத்திட்டு, சுற்றிலும் அன்று சதுப்பு. ஏணியையும் இடிமரத்தையும் சேற்றைத் தாண்டி மதிலடிக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. அடியில் சுரங்கம் தோண்டினால் தண்ணீர் புகுந்துவிடும். 1166இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி முதல் கோட்டையை அழித்த பிறகும், பிரபு இரண்டாம் ராவுல் வேறு இடம் தேடாமல் அங்கேயே திரும்பக் கட்டியதற்கு இந்தத் தண்ணீர்தான் காரணம் என்பேன்.

பீரங்கி வந்ததும் கணக்கு மாறிவிட்டது. மேட்டில் பீரங்கியை நிறுத்தினால் முற்றம் முழுக்கக் குறிக்குள் வந்துவிடும். 1488 ஜூலையில் லா த்ரெமோய் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஊரையும் கோட்டையையும் பிடித்துவிட்டது. அதற்கு முன் 1449 மார்ச்சில், ஆங்கிலேயருக்காகப் போரிட்ட பிரான்சுவா த சூரியென் இரவோடு இரவாக ஏணி வைத்து ஏறிப் பிடித்தான். காவல் அசந்திருந்தால் எவ்வளவு உயர மதிலும் உதவாது.

பிறகு கீழே இறங்கி, வெளிப்புறமாக ஒரு சுற்று நட. மெலுசின் கொத்தளத்தையும் சூரியென் கொத்தளத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே தனியாக நேரம் வைத்துக்கொள். மெலுசின் 14ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். பாறையிலிருந்து சுமார் 31 மீட்டர் உயரம், சுவர்த் தடிமன் மூன்றரை மீட்டர். வில் காலத்தில் உயரம்தான் பலம். மேலிருந்து எய்தால் அம்பு தூரம் போகும், ஏணியும் எட்டாது. வட்டமாகக் கட்டியதற்கும் காரணம் உண்டு. சதுரக் கொத்தளத்தின் மூலைக்கல்லைப் பெயர்த்தால் இரண்டு பக்கமும் சரியும். வட்டத்தில் பெயர்க்க மூலையே இல்லை.

சூரியெனும் அதன் ஜோடியான ராவுலும் 1480 வாக்கில் எழுந்தவை. லாட வடிவம், குட்டையான பருத்த உடம்பு, சுவர்த் தடிமன் மட்டும் சுமார் 7 மீட்டர். உயரமான கொத்தளத்தை பீரங்கிக் குண்டு எளிதாகச் சாய்த்துவிடும், தடித்தது குண்டை வாங்கிக்கொள்ளும். அம்பு எய்யும் ஏப்புழை நெடுக்கான ஒல்லிக் கீறலாக இருக்கும், பீரங்கித் துளை அகன்று தாழ்வாக இருக்கும். பீரங்கி அறைக்குப் புகைபோக்கி அவசியம். இல்லாவிட்டால் இரண்டு குண்டு சுட்டதும் உள்ளே இருப்பவர்களால் மூச்சுவிட முடியாது. மேலே பார்த்தால் நீட்டிய தாங்குகற்களும் அவற்றிடையே இடுக்குகளும் தெரியும். மதிலடிக்கு வந்துவிட்டவன் தலையில் கல்லைப் போடத்தான் அந்த இடுக்குகள்.

இடிந்த சுவரின் உள்முகத்தைப் படிக்கப் பழகு. வரிசையாகச் சதுரக் குழிகள் ஒரே மட்டத்தில் இருந்தால், அங்கே உத்தரம் ஏறி மரத்தளம் இருந்தது என்று அர்த்தம். அடியில் தளமில்லாமல் அந்தரத்தில் நிற்கும் கணப்படுப்பு, அந்த உயரத்தில் ஆட்கள் குடியிருந்ததைக் காட்டும். சின்னக் குழிகள் சீரான இடைவெளியில் ஏறிக்கொண்டே போனால் அவை பெரும்பாலும் சாரத்துளைகள், கட்டும்போது சாரமரம் செருகியவை.

இனி வேலைக்கு வருகிறேன். இந்தச் சுவர்கள் முழுக்கல் இல்லை. இரண்டு முகக்கட்டு, நடுவே சுண்ணாம்புச் சாந்தில் கொட்டிய கல்துண்டு. கூரை இருந்தவரை மழை உள்ளே இறங்காது. கூரை போனதும் சுவரின் தலை வழியாகத் தண்ணீர் நடுக்கட்டில் புகுந்து சுண்ணாம்பைக் கரைக்கும். நடுக்கட்டு கீழே அமிழ, முகக்கட்டு வெளியே உப்பும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து கல்லைப் பிளக்கும். அதனால் வேலை எப்போதும் சுவரின் தலையிலிருந்து தொடங்க வேண்டும். ஐவிக் கொடியைப் பிடுங்காதே, கல்லோடு வந்துவிடும். அடித்தண்டை அறுத்துவிட்டு, காய்ந்த பிறகு எடு.

சிமெண்டைக் கிட்டேயே விடாதே. அது கல்லைவிட இறுகிப்போய் ஈரம் வெளியேறும் வழியை அடைக்கும். ஈரம் கல் வழியாகவே வெளியேற வேண்டிவரும், கல்லின் முகம் உதிரும், சிமெண்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

பழைய சாந்தை உளியும் சுத்தியலும் கொண்டு கையால் எடு. மெஷின் வைத்தால் கல்லின் விளிம்பு போய்விடும். கற்களுக்கு இடையிலான இணைப்பின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு ஆழமாவது தோண்டி, தூசியைத் துடைத்து, முதல் நாளே தண்ணீர் தெளித்துவை. காய்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிக்கொண்டால் சாந்து பொடிப்பொடியாகும். நீரிலும் இறுகும் சுண்ணாம்பு ஒரு பங்கு, முனை மழுங்காத சொரசொரப்பு மணல் இரண்டரைப் பங்கு, அளவுப்பெட்டியால் அளந்து போடு. பதம் கொழுக்கட்டை மாவுபோல இருக்கட்டும். ஆழமான இணைப்பை ஒரே தடவையில் நிரப்பாதே, நடுவில் கல்சில்லு திணித்து அடுக்கடுக்காக அமுக்கு. விரலால் அழுத்தினால் பதியாத பக்குவம் வந்ததும் முரட்டுத் தூரிகையால் தட்டிவிடு, கரண்டியால் மெழுகாதே. மெழுகினால் மேலே பால் படிந்து உள்ளே இறுகாது. பிறகு ஈரச்சாக்கு சில நாள் தொங்கட்டும். 5 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கும் என்றால் அன்று சாந்தே கலக்காதே, உங்கள் மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் சரி.

எந்த மணல் கொடுக்கிறார்கள் என்று பார்த்து எழுது. பழைய சாந்தில் ஒரு துண்டை நொறுக்கி, அதன் மணல் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அம்மா